தண்ணீர் திரும்பும் நேரம்

ஸ்தமாத்தா என்றால் அவர்கள் மொழியில்
'நிறுத்து'.
நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததில் வைத்த பெயர்,
நம்மிடம் போதும்பொண்ணு இருப்பதுபோல.
அடுத்த வருடமே ஐந்தாவது பெண் பிறந்தாள்.
பெயர் வைத்து எதுவும் நின்றதில்லை அந்த வீட்டில்.

கிரேக்கத்தின் ஹல்கிடாவில், தீவுக்கும் கரைக்கும் நடுவே
ஒரு கல்லெறி தூரமே அகலமான கடல்மேல்
பாலம் திறக்கிற வேலை அவளுக்கு.
ஆறு மணி நேரம் வடக்கே ஓடும் நீர்,
ஆறு மணி நேரம் தெற்கே.
இடையில் எட்டு நிமிடம் போல
எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும்.
அப்போதுதான் படகுகளை விடமுடியும்,
பெரும்பாலும் நடுராத்திரியில்.

முப்பத்தோரு வருடம்
அந்த எட்டு நிமிடத்துக்காகக் காத்திருந்ததெல்லாம்
சிகரெட்டோடுதான்.
விட்டுப் பத்தொன்பது நாள்.

மருத்துவர் சொன்னது: ஆசை வந்தால்
ஐந்து நிமிடம் தாக்குப்பிடியுங்கள், போய்விடும்.
எங்கே போகும் என்று சொல்லவில்லை.

முதல் வாரம் கிராம்பு மென்றாள்; நாக்கு மரத்தது.
குளிர்பான ஸ்ட்ராவை இரண்டாக வெட்டி
விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.
சாம்பலே இல்லாத அதைக் கிண்ணத்து விளிம்பில்
இரண்டு தடவை தட்டினாள், பழக்கத்தில்.
ஆறாம் நாள், இதை யாரிடமும் சொல்லவில்லை,
வங்கி வாசல் மணல்தொட்டியில்
யாரோ பாதியில் நசுக்கிய துண்டை எடுத்து
நிமிர்த்தி, ஊதி,
உதட்டுச்சாயம் படிந்திருப்பதைப் பார்த்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தாள்.
பாத்திரம் கழுவும் தொட்டியில் அது கரைந்தது.
பை இன்னும் நாறுகிறது.
அவ்வப்போது கையை விட்டு முகர்ந்துகொள்கிறாள்.

இன்றிரவு மணி இரண்டே முக்கால்.
அர்கிரிஸ் மரியாதைக்காரன், வெளியே போய்த்தான் பிடிக்கிறான்.
ஆனால் திரும்பும்போது
அவனுடைய கம்பளிச் சட்டை தனியாக உள்ளே வருகிறது,
அவனுக்கு முன்பே.

வந்துவிட்டது.
எல்லோரும் நினைப்பதுபோலத் தொண்டையில் அல்ல;
முழங்கைக்குக் கீழே, எலும்புக்குள்,
எதையோ தூக்கச் சொல்லி.
பற்களுக்குப் பின்னால் ஒரு நமைச்சல்.
அர்கிரிஸின் பெட்டி மேஜைமேல்.
ஒன்று குறைந்தால் அவன் எண்ணமாட்டான்.
எண்ணினாலும் கேட்கமாட்டான்.
அவனுடைய நல்ல குணத்தின்மேல் கோபம் வருகிறது அவளுக்கு.
ஒன்றே ஒன்று என்கிறது அது,
கடன் கேட்டு வந்த உறவுக்காரனின் குழைந்த குரலில்.

ஒயர்லெஸ் கரகரக்கிறது.
கீழே காத்திருக்கும் ஏழு படகுகளில் ஒன்று,
யாரோ டென்மார்க்காரர்:
'இன்னும் எவ்வளவு நேரம்?'
எல்லா இரவும் யாராவது கேட்பது.
எல்லா இரவும் அவள் சொல்வது:
'தண்ணீர் சொல்லும். கயிற்றை அவிழ்க்காதீர்கள்.'

சொல்லிவிட்டு
மைக்கைக் கீழே வைக்காமல் நிற்கிறாள்.

தூணருகே சுழிகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன.
ஒரு பிளாஸ்டிக் பாட்டில் ஓடிவந்து, தயங்கி,
நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.
மணி அடிக்கிறாள். சாலையை மறிக்கிறாள்.
பாலம் சற்றே தாழ்ந்து தெருவுக்கடியில் நழுவுகிறது.
ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு.
டென்மார்க்காரர் தொப்பியைத் தூக்குகிறார்.
ஏழாவது படகில் ஒரு நாய் அவளைப் பார்த்துக் குரைக்கிறது;
அவளும் பதிலுக்குக் குரைக்கிறாள்.

பாலம் மூடியபிறகுதான் உறைக்கிறது,
எதையோ மறந்திருந்தோம் என்று.
நினைத்தது தப்பு. மறுபடி வருகிறது,
கொஞ்சம் சின்னதாக, எதிர்த்திசையிலிருந்து.

சுவரில் நீரோட்ட அட்டவணை.
அரைநிலா நாட்களில் அங்கே தண்ணீருக்குக் கணக்குத் தப்பும்;
ஒரே நாளில் பத்துமுறை, பதினாலுமுறை திரும்பும்.
பைத்தியத் தண்ணீர் என்பார்கள்.
வருகிற செவ்வாய், புதன் கட்டங்களில்
அர்கிரிஸ் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறான்.

விடிந்ததும் கடைத்தெருவில்
உப்புப் போட்ட பூசணி விதை கேட்கிறாள்.
கால் கிலோ என்று ஆரம்பித்து,
'இல்லை, ஒரு கிலோவாகவே கொடுங்கள்.'